தோல்விக்கும் ஓர் அளவு உண்டு

ஆடு புலி ஆட்டம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கோயில் மண்டபத் தரையிலோ வீட்டுத் திண்ணையிலோ கட்டம் கீறி, 3 புலி, 15 ஆடு என்று வைத்து ஆடுவோம். ஒரு பக்கம் 3 காய், மறு பக்கம் 15 காய். அப்படியும் ஆட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடுவதில்லை. புலிக்குத் தாண்டி வெட்டும் உரிமை உண்டு. ஆடுகளுக்கு ஒன்றாகக் கூடிப் புலியை அடைக்கும் வழி உண்டு. ஒரு புலியைக் கூட்டினால் ஆட்டுக்காரர் பாடு திண்டாட்டம். ஒரு புலியைக் குறைத்தால் புலிக்காரருக்கு ஆடவே மனம் வராது. இந்த அளவைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு பெரிய உண்மை தெரிந்திருந்தது: ஜெயிப்பதும் தோற்பதும் இரண்டுமே நடக்கக்கூடியதாக இருந்தால்தான் அது விளையாட்டு.

இன்றைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் இந்த அளவைத் தீர்மானிக்கும் வேலையை ஆடுபவர் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். சுலபமா, நடுத்தரமா, கடினமா என்று தொடக்கத்திலேயே கேட்கும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. அதில் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பேரனின் பேஸ்பால் அணி

தண்டவாளத்தோடு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற எனக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் வளரும் மகள் வயிற்றுப் பேரன்தான் சம்பந்தம். அவன் ஆடுவது ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. இதில் மட்டையைப் பிடிக்கும் வேலையே இல்லை. ஆடுபவர்தான் அணியின் மானேஜர். யாரை எடுப்பது, யாரை விற்பது, யார் முதலில் ஆடுவது, களைத்துப்போன பந்து வீச்சாளரை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வதுதான் ஆட்டம். மற்றதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஆடிக் காட்டும். கிரிக்கெட்டுக்கும் இதே போல ‘இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்’ என்ற விளையாட்டு 1998-லேயே வந்துவிட்டது.

ஒரு நாள் தொலைபேசியில் பேரன், “தாத்தா, எங்க டீம் இந்த சீசன்ல 139 மேட்ச் ஜெயிச்சிருக்கு! நிஜத்துல ரெக்கார்டே 116தான்!” என்றான்.

“அப்படியா கண்ணா? அப்போ ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு நீ அமெரிக்காவிலேயே பெரிய மானேஜர். இல்லேன்னா உன் எதிராளிக்குக் கணக்குத் தெரியலை. எதுன்னு பார்த்துச் சொல்லு” என்றேன்.

அவன் சொன்ன கணக்கு சரிதான். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் போட்டியில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. 2001-ல் சியாட்டில் மரைனர்ஸ் அணி 116 ஆட்டங்களில் வென்றது. 162-ல் அதற்கு மேல் எவரும் வென்றதில்லை. அந்த மகத்தான அணியும் 46 முறை தோற்றிருக்கிறது. மறு கோடியில், 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்றது. அவ்வளவு மோசமான அணியும் 41 முறை வென்றிருக்கிறது. பேஸ்பாலின் இயல்பே அதுதான். பத்து முறை மட்டையெடுத்து மூன்று முறை உருப்படியாக அடித்தால் அவர் நல்ல ஆட்டக்காரர். ஏழு தடவை தோற்பவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் விளையாட்டு அது.

ஆகவே 139 என்ற எண் பேரனின் திறமையைக் காட்டவில்லை. அவன் வைத்திருந்த அளவுகளைக் காட்டியது. என்னென்ன என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வீரர்களைப் பண்டமாற்று செய்வதில் மற்ற அணிகள் ஏமாளிகளாக இருக்கும்படி மிகச் சுலபமான நிலை. ஒவ்வொரு வீரரின் திறமையும் ஒளிவுமறைவின்றி எண்ணாகத் தெரியும் நிலை. யாருக்கும் காயம் படாத நிலை. எத்தனை தோற்றாலும் மானேஜருக்கு வேலை போகாத நிலை. இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்தால் நானே போயிருப்பேன்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதே மாதம் பள்ளி பேஸ்பால் அணி தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றதும், “இனிமே நான் போகலை” என்று பையன் மட்டையை மூலையில் வைத்துவிட்டான். மகளுக்கு அதுதான் கவலை. வீட்டில் தினமும் ஜெயிப்பவனுக்கு மைதானத்தில் தோற்பது அநியாயமாகத் தோன்றியிருக்கிறது.

புத்தகக் கிரிக்கெட்

அந்தக் கோடை விடுமுறையில் பேரன் பங்காருபேட்டைக்கு வந்தான். கம்ப்யூட்டர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. எங்கள் காலத்து ‘மானேஜர் ஆட்டத்தை’ அவனுக்குக் காட்டினேன். அதுதான் புத்தகக் கிரிக்கெட்.

பங்காருபேட்டையிலிருந்து கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று தங்கவயலுக்குப் போகும் கிளைப் பாதையில் பயணம் செய்த பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடப் புத்தகத்தை எங்காவது திறக்க வேண்டும். இடது பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம்தான் ஓட்டம். இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண் என்பதால் 0, 2, 4, 6, 8 என்று ஐந்தே விளைவுகள். 0 வந்தால் அவுட். 8 வந்தால் ஓட்டமில்லை என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். புத்தகம் இல்லாத நாளில் ரயில்வே கால அட்டவணையே மைதானம். அதிலும் தில்லுமுல்லு உண்டு. ஒரே பக்கத்தை அடிக்கடி மடக்கிப் பழக்கினால் புத்தகம் அங்கேயே திறக்கும். அதனால் முக்கியமான ‘டெஸ்ட்’ பந்தயங்களுக்குப் புதுப் புத்தகம் கேட்போம்.

இந்த ஆட்டம் எவ்வளவு நிஜம் என்று பேரனோடு கணக்குப் போட்டேன். ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட். அந்த ஐந்து பந்தில் 2, 4, 6 சேர்ந்து 12 ஓட்டம். பத்து விக்கெட்டுக்கு 50 பந்து, 120 ஓட்டம். அதாவது 8 ஓவர் 2 பந்தில் அணி சுருண்டுவிடும்; ஓட்ட வேகமோ ஓவருக்கு 14.4. உலகத்தில் எந்த கிரிக்கெட்டும் இப்படி நடப்பதில்லை. 1975 ஜூன் 7-ல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் சுனில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று, 174 பந்துகளில் 36 ஓட்டம் எடுத்து அவுட் ஆகாமல் திரும்பினார். நாடே தலையில் அடித்துக்கொண்டது. புத்தகக் கிரிக்கெட்டில் அப்படி ஒரு இன்னிங்ஸ் கோடி முறை ஆடினாலும் வராது. அடிப்பது மிகச் சுலபம், நிற்பது மிகக் கடினம் என்று அளவு தாறுமாறாக இருப்பதே காரணம்.

இரண்டு பகடை போதும்

பகடை உருட்டி பேஸ்பால் ஆடுவது அமெரிக்கர்களுக்குப் பழக்கமான விஷயம். ஹால் ரிச்மன் என்பவர் 1961-ல் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. அவர் நிஜத்தில் எத்தனை முறை அடித்தார், எத்தனை முறை கோட்டைவிட்டார் என்பதற்கு ஏற்ப அட்டையில் விளைவுகளை அச்சடித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் ஆட்டங்கள் இன்று செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

நாமும் செய்து பார்க்கலாம். லூடோப் பெட்டியிலிருந்து இரண்டு பகடை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 36 வகையாக விழலாம். கூட்டுத்தொகை 2 வர ஒரே வழி. 7 வர ஆறு வழி. இதை வைத்து ஒரு நாள் ஆட்டத்துக்கு நாங்கள் போட்ட பட்டியல் இது:

கூட்டுத்தொகை 2 – அவுட்
கூட்டுத்தொகை 3 – நான்கு ஓட்டம்
கூட்டுத்தொகை 6, 9, 10 – ஒரு ஓட்டம்
கூட்டுத்தொகை 11 – இரண்டு ஓட்டம்
கூட்டுத்தொகை 12 – சிக்ஸர்
கூட்டுத்தொகை 4, 5, 7, 8 – ஓட்டமில்லை

36 பந்துக்குச் சராசரியாக ஒரு விக்கெட்டும் 30 ஓட்டமும் வரும். ஓவருக்கு 5 ஓட்டம்; 50 ஓவருக்கு 250. ஒரு நாள் ஆட்டம் பார்க்கும் யாருக்கும் இது பழக்கமான எண்ணாகவே இருக்கும். நாங்கள் பத்து இன்னிங்ஸ் ஆடினோம். குறைந்தது 171, கூடியது 288, மூன்று முறை ஆல் அவுட். ஒரு இன்னிங்ஸுக்கு அரை மணி நேரம் பிடித்தது. இந்தப் பட்டியல்படி கவாஸ்கரின் 174 பந்து நிற்பதற்கும் வாய்ப்பு இருக்கிறது. சுமார் 135-க்கு ஒன்று.

ஆளுக்கு ஏற்ற அளவு

புத்தகக் கிரிக்கெட்டின் பெரிய குறை, அதில் எல்லோரும் ஒன்று. கடைசி ஆளும் கவாஸ்கரும் ஒரே புத்தகத்தைத் திறக்கிறார்கள். நம் கர்நாடகத்தின் பகவத் சந்திரசேகர் டெஸ்ட் ஆட்டங்களில் 242 விக்கெட் எடுத்தவர். மட்டையால் எடுத்த ஓட்டமோ 167 மட்டும். சராசரி 4.07. அவர் போன்ற ஆட்டக்காரருக்கு 2, 3, 4 மூன்றுமே அவுட் என்று வையுங்கள். 36-ல் 6 முறை அவுட், 22 ஓட்டம், விக்கெட்டுக்கு 3.7. கிட்டத்தட்ட சந்திரசேகர்தான்!

நல்ல ஆட்டக்காரருக்கு 2 விழுந்தால் ஒற்றைப் பகடையை மறுபடி உருட்ட வேண்டும். 1, 2, 3 வந்தால் அவுட்; 4, 5, 6 வந்தால் பிழைத்தார், ஓட்டமில்லை. சராசரி 60 ஆகிவிடும். டான் பிராட்மேன் வேண்டுமா? 1 அல்லது 2 வந்தால் மட்டும் அவுட் என்று வையுங்கள். சராசரி 90. அவருடைய நிஜச் சராசரி 99.94 என்பதால், பகடையைக்கூட அவர் சற்று மிஞ்சியவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மானேஜர் வேலை தொடங்குகிறது. பிராட்மேனை எப்போது அனுப்புவது? கடைசி பத்து ஓவருக்கு யாரை மிச்சம் வைப்பது? மூன்று நாளில் பேரன் என்னைவிட நன்றாக இதைச் செய்தான்.

காலமும் ஓர் அளவு

1983 ஜூன் 25 இரவை மறக்க முடியுமா? உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா 54.4 ஓவரில் 183-க்கு ஆல் அவுட். “போச்சு!” என்று டிரான்சிஸ்டரை அணைத்தவர்கள் பலர். மேற்கு இந்தியத் தீவுகள் 52 ஓவரில் 140-க்குச் சுருண்டது. இந்தியாவின் அன்றைய வேகம் ஓவருக்கு 3.35. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஸ்கோரைச் சொன்னால், “இவ்வளவுதானா?” என்கிறார்கள். நம் பட்டியலில் 10-ஐயும் 12-ஐயும் ஓட்டமில்லை என்று மாற்றிப் பாருங்கள். 36 பந்துக்கு 21 ஓட்டம், ஓவருக்கு 3.5. அந்த அளவில் 183 எவ்வளவு கனமான ஸ்கோர் என்பது இரண்டு இன்னிங்ஸ் ஆடினால் விளங்கும். ஒரு காலத்து மனிதர்களை இன்னொரு காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நிஜ ஆட்டத்தை நடத்துபவர்களும் அளவை மாற்றுகிறார்கள். 1968-ல் அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீச்சாளர்களின் கை மிகவும் ஓங்கிவிட்டது. அமெரிக்கன் லீகில் .301 என்ற விகிதம் அடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியே அந்த ஆண்டின் முதல்வர். அடுத்த ஆண்டே, பந்து வீச்சாளர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். அடிப்பவர்களுக்கு மூச்சு வந்தது. ஐந்து அங்குல மண்ணை வெட்டி எடுத்து ஒரு தேசத்தின் விளையாட்டைச் சமப்படுத்தினார்கள் என்றால் மிகையாகாது.

ரயில் ஓட்டத்திலும் இதே கணக்கு

கால அட்டவணை போடுவதிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு வண்டி இரண்டு நிலையங்களுக்கு இடையே ஓடக் குறைந்தபட்சம் இவ்வளவு நிமிடம் என்று கணக்கிடுவோம். அதை அப்படியே அட்டவணையில் போட்டால் ஒரு காஷன் ஆர்டர், ஒரு சிக்னல் தடங்கல் போதும், வண்டி தாமதம்தான். தினமும் தாமதமானால் நேரத்தை மீட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. அதற்காக அரை மணி நேரம் தாராளமாகச் சேர்த்தால் வண்டி வெளிச் சிக்னலில் சும்மா நிற்கும். டிரைவருக்கும் அக்கறை போய்விடும். ஆகவே தண்டவாள வேலைகளுக்காக இத்தனை நிமிடம், தாமதத்தை மீட்க இத்தனை நிமிடம் என்று அளந்து சேர்ப்பார்கள். கவனமாக ஓட்டினால் நேரத்துக்குப் போகலாம், அசந்தால் போக முடியாது என்ற நிலைதான் நல்ல அட்டவணை. பிள்ளைகளின் விளையாட்டுக்கும் அதே இலக்கணம்தான்.

பணம் நுழைந்தால்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘அணியைத் தேர்ந்தெடு, பணத்தை வெல்’ என்று கைப்பேசியில் வந்த விளையாட்டுகளையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் பல குடும்பங்கள் நிலைகுலைந்ததை நாம் அறிவோம். 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் ஒரு வேலி. கணக்கு இன்னொரு வேலி.

பேரனுக்கு இதையும் பகடையிலேயே காட்டினேன். “10 ரூபாய் கட்டு. 2 விழுந்தா 300 ரூபாய் தரேன். வரியா?” என்றேன். அவன் கண்ணில் 300 மின்னியது. பிறகு தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். 36 முறை உருட்ட 360 ரூபாய். சராசரியாக ஒரே ஒரு முறை 300 திரும்பும். 60 ரூபாய் என் பைக்கு. “தாத்தா, இதுல எப்பவும் நீங்கதான் ஜெயிப்பீங்க!” என்றான். பன்னிரண்டு வயதில் இது புரிந்த பையன் இருபது வயதில் எளிதில் ஏமாறமாட்டான் என்று நம்புகிறேன்.

பெற்றோர்கள் செய்யக்கூடியவை

பிள்ளைகள் எந்த மானேஜர் ஆட்டம் ஆடினாலும் இந்த நான்கு காரியங்களைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஆட்டம் தானாகத் தரும் நடுத்தர அளவில் ஒரு பருவம் முழுவதும் ஆடச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த எண்களை நிஜ உலக எண்களோடு ஒப்பிடுங்கள். உலகச் சாதனையைத் தாண்டியிருந்தால் அளவு சுலபம். புத்திசாலித்தனமாக ஆடியும் கடைசி இடம்தான் என்றால் அளவு அதிகம்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு அளவை மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. பேஸ்பால் ஆட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது பண்டமாற்று. எதிரணிகள் ஏமாளிகளாக இருக்கும் வரை மற்ற அளவுகளை மாற்றிப் பயனில்லை. அடுத்தது திறமை மதிப்பீடு. வாழ்க்கையில் எந்த மனிதரின் திறமையும் நெற்றியில் எண்ணாக ஒட்டியிருப்பதில்லை. அதை ஊகித்து முடிவெடுப்பதுதான் மானேஜரின் வேலை. காயம் கடைசியாக இருக்கட்டும்.

மூன்றாவது, தோற்றதும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். விழுந்த பகடை விழுந்ததுதான்.

நான்காவது, வாரத்தில் ஒரு நாளாவது அருகில் உட்கார்ந்து, “ஏன் இவரை எடுத்தாய்?” என்று கேளுங்கள். பதில் தமிழில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூரில் வளரும் பிள்ளைகளோடு பேச விஷயம் கிடைப்பதே நமக்குப் பெரும்பாடு. இதில் விஷயம் தானாக வரும்.

பேரன் ஊருக்குத் திரும்பி அளவுகளை மாற்றினான். முதல் பருவத்தில் 71 வெற்றி, 91 தோல்வி. அடுத்ததில் 84 வெற்றி, 78 தோல்வி. 139 ஆட்டம் ஜெயித்த அன்று ஐந்து நிமிடம் பேசியவன், இந்த 84-ஐப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். ஒவ்வொரு வெற்றியும் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பள்ளி அணிக்கும் மறுபடி போகிறானாம். இன்னும் அதிகமாகத் தோற்கிறார்களாம். “இன்னும் சீசன் முடியலை தாத்தா” என்கிறான்.

எங்கள் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு விடிவதற்கு முன் எழுந்து, வண்டி பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பும் குடும்பங்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. கடினம் எவ்வளவு என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த வண்டிகளில் வளர்ந்த பிள்ளைகள் பொறியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் உலகெங்கும் இருக்கிறார்கள். தம் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சுலபமாக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பது இயல்பே. விளையாட்டையாவது சற்றுக் கடினமாக விட்டுவைக்கலாம். தோற்றால் இழப்பு ஒன்றுமில்லை, கற்பது நிறைய.

இந்த வாரக் கடைசியில் ஒரு இன்னிங்ஸ் ஆடிப் பாருங்கள். பகடை இரண்டு, தாள் ஒன்று, பென்சில் ஒன்று. மொத்தச் செலவு இரண்டு காபிக்கு மேல் ஆகாது.

– ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், பங்காருபேட்டை